சக்கரம் வைத்த எண்ணெய் கேன் லயத்து வீட்டுக்கு ஆகுமா?

(நமது பகுதி நேர நிருபர்)

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோ மீட்டர் தூரத்தில், விதுராவுக்கு மேலே, அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. வனத்துறையின் அனுமதிச் சீட்டுடன் 1,868 மீட்டர் உயரச் சிகரம் ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். அவர்கள் ஏறி இறங்கிப் போய்விடுவார்கள். தலைமுறைகளுக்கு முன் தேயிலை பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்களோ இன்னும் லயங்களில் இருக்கின்றன. தொழிற்சாலையில் இயந்திரம் ஓடி ஆண்டுகள் பல ஆயின. ஆனாலும் அடுப்பு எரிந்துதானே ஆக வேண்டும்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். காப்பி ஆறுவதற்குள் சித்தி விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஏய்யா, நீ ரயில்வேயிலே பார்சல் ஆபீசிலே இருக்கே. சாமான் சட்டெல்லாம் உனக்குத் தெரியும். இவன் ஏதோ சக்கரம் வச்ச எண்ணெய் டப்பா வாங்கணும்னு ஒத்தக்காலிலே நிக்கான். வாங்கலாமா, வேண்டாமா?"

'இவன்' என்றது அவர் மகனை. அவன் தோட்டந்தோட்டமாகப் போய்ப் புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறான். மெஷினுக்குப் பெட்ரோல் வேண்டும். கீழே இறங்கித்தான் வாங்கி வர வேண்டும். அவன் தன் கைப்பேசியில் படத்தைக் காட்டினான். சிவப்பு நிறம், இரண்டு சக்கரம், நீளமான குழாய், கைப்பம்பு. கொள்ளளவு 57 லிட்டர். "ஒரு தடவை நிரப்பினா ஒரு மாசத்துக்குக் கவலையில்லை அண்ணே. உருட்டிக்கிட்டே வந்துரலாம்" என்றான்.

கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆனால் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இதே எண்ணத்தில் இருக்கும் வாசகர்களும் சற்றுக் கவனிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

57 லிட்டர் என்பது அமெரிக்கக் கணக்கில் 15 காலன். படகு, டிராக்டர், பெரிய புல்வெளி உள்ளவர்களுக்காக அந்த நாட்டில் செய்த சாமான் அது. நம் நாட்டில் 1934ஆம் வருடத்துப் பெட்ரோலியம் சட்டம் இருக்கிறது. அதன் 8வது பிரிவின்படி, விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர்தான். அதையும் இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில் வைக்க வேண்டும். ஒரு பாத்திரம் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் ஆகாது. ஆகவே 57 லிட்டர் டப்பாவில் பெட்ரோலை நிரப்பி லயத்தில் வைத்தால் அன்றே சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவோம்.

மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இந்தச் சட்டம் இவ்வளவு கடுமை காட்டவில்லை. அவை சட்டென்று ஆவியாகித் தீப்பிடிப்பவை அல்ல. ஆனால் ரேஷன் மண்ணெண்ணெய் வருடத்துக்கு வருடம் சுருங்கி வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டோடு மத்திய அரசின் மானியமும் நின்றது. லிட்டர் கணக்கில் கிடைக்கும் எண்ணெய்க்கு 57 லிட்டர் டப்பா எதற்கு?

லயத்துப் படிக்கட்டில் சக்கரம் ஓடுமா?

இரண்டாவது கேள்வி பாரத்தைப் பற்றியது. 57 லிட்டர் பெட்ரோல் சுமார் 42 கிலோ. மண்ணெண்ணெய் என்றால் சுமார் 45 கிலோ. டப்பாவின் எடை தனி. சமதளமான சிமெண்டுத் தரையில் ஒரு கையால் இழுத்துவிடலாம். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து சித்தியின் லயம் வரை உள்ள பாதை அப்படியா? கல்லும் வேரும் மழையில் அரித்த பள்ளமும், நடுவே ஏழெட்டுப் படிகளும் உண்டு. சிறு சக்கரம் முதல் கல்லிலேயே சிக்கிக்கொள்ளும். இறக்கத்தில் கை நழுவினால் பாரம் நம்மை முந்திக்கொண்டு போகும். போதாததற்கு, பாதி நிரம்பிய டப்பாவில் எண்ணெய் அலம்பி ஒரு பக்கமாகச் சாய்க்கும்.

இந்தச் சிக்கலுக்குச் சக்கரமில்லாமலே ஒரு விடை உண்டு. 1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்த 20 லிட்டர் தகரக் கேன்தான் அது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றிப் பார்த்துத் தாங்களும் அதே மாதிரி செய்தார்கள். அவர்களுடைய பழைய டின்கள் வழியெல்லாம் ஒழுகின. ஜெர்மானியரை அவர்கள் 'ஜெர்ரி' என்று கேலியாக அழைத்ததால் 'ஜெர்ரி கேன்' என்ற பெயர் வந்தது. அதன் தலையில் மூன்று கைப்பிடிகள். நடுப்பிடியில் ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகளில் இருவர் சேர்ந்து தூக்கலாம். காலிக் கேன் என்றால் ஒரே கையில் இரண்டு எடுக்கலாம். மேடுபள்ளமான பாதைக்கு இந்த யோசனைதான் பொருந்தும்.

எதில் வைத்திருக்கிறோம்?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதைக் கேட்பதற்குள் என் கண் அடுப்பங்கரை அலமாரிக்குப் போய்விட்டது. வரிசையாக நான்கு பாட்டில்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், இரண்டில் பெட்ரோல், ஒன்றில் குடிதண்ணீர். நான்கும் கடையில் விற்கும் ஒரே மாதிரியான தண்ணீர் பாட்டில்கள்!

ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் சேர்த்திருக்கிறார்கள். பகலில் வித்தியாசம் தெரியும். கரண்டு போன ராத்திரியில்? மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெட்ரோல் கொஞ்சம் கலந்தாலும் போதும், ஸ்டவ் வெடித்துவிடும். குழந்தைகள் விஷயம் இதைவிட மோசம். சில ஆண்டுகளுக்கு முன் அதே வரிசையில் ஒரு குழந்தை கலர் பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டது. பதற்றத்தில் வீட்டார் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். அதைச் செய்யவே கூடாது. வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அந்தக் குழந்தை பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அப்படி நேர்ந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

ஆகவே கேன் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

பெட்ரோலுக்கு 5 லிட்டர் உலோகக் கேன் போதும். மண்ணெண்ணெய்க்கு வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் ஒன்று இருக்கட்டும். தடவிப் பார்த்தாலே இருட்டில் அடையாளம் தெரிய வேண்டும்.

மூடியின் வாஷரைப் பாருங்கள். சாதாரண ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பிறகு மூடி இறுகாது. எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாஷர் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது நல்லது.

விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வெயிலில் எண்ணெய் விரியும். இருபதில் ஒரு பங்காவது இடம் விட வேண்டும்.

பங்கில் நிரப்பும்போது கேனை ஜீப்பிலோ மடியிலோ வைக்காமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். உராய்வில் பிறக்கும் மின்பொறி தரைக்கு இறங்கிவிடும்.

வீட்டுக்குள், அதுவும் அடுப்பங்கரையில், பெட்ரோல் கூடவே கூடாது. வெளியே நிழலில், பூட்டும் பெட்டியில் வைக்க வேண்டும்.

என் உத்தியோக சம்பந்தமாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும்போது கேனையோ காஸ் உருளையையோ ரயிலில் ஏற்றாதீர்கள். 1989ஆம் வருடத்து ரயில்வே சட்டம், 164வது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஸ்கூட்டரைப் பார்சலில் போடுவதென்றால்கூட டாங்கில் பெட்ரோல் இல்லாமல்தான் வாங்குவோம். 2023 ஆகஸ்டு 26ஆம் தேதி மதுரை நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த காஸ் உருளையால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை மறக்க முடியுமா?

சக்கரம் எங்கே தேவை?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சித்தி சொன்னார்: "சரிய்யா, பெட்ரோலுக்குச் சக்கரம் வேண்டாம். நான் சிலிண்டர் சுமக்கறேனே, அதுக்கு ஒரு வழி சொல்லு."

நியாயமான கேள்வி. நிறைந்த 14.2 கிலோ உருளை, இரும்பின் எடையும் சேர்ந்து சுமார் 30 கிலோ. அறுபது தாண்டிய பெண்கள் அதை இடுப்பில் வைத்துப் படி ஏறுகிறார்கள். முடியாதவர்கள் படுக்க வைத்து உருட்டுகிறார்கள். உருட்டினால் வால்வு அடிபடும். கசியும் வாயு காற்றைவிடக் கனம். பள்ளத்தில் தேங்கி நிற்கும். உருளை எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

கடைகளில் விற்கும் நான்கு சிறு சக்கர வளையம் அடுப்பங்கரைத் தரைக்குத்தான் ஆகும். இந்தப் பாதைக்கு வேண்டியது மூட்டை தள்ளும் இரு சக்கர வண்டி. சக்கரம் பெரியதாக இருக்க வேண்டும். கெட்டியான ரப்பர் டயராக இருந்தால் பஞ்சர் தொல்லை இல்லை. உருளையை அணைத்துப் பிடிக்க வளைந்த தாங்கியும் கட்டுவதற்கு வாரும் வேண்டும். படிகளில் இருவர் பிடிக்கத் தோதாகக் கீழே ஒரு கைப்பிடி வைத்துக்கொள்ளலாம். தனியாக இருக்கும் முதியவர்கள் 5 கிலோ உருளைக்கு மாறிக்கொள்ளலாம். பெரிய உருளையில் பாதி எடைகூட இராது.

"வண்டிக்கு ஆகிற பணம் எங்கிட்ட ஏது?" என்றார் சித்தி. ஒரு வீட்டுக்கு ஓர் உருளை வருவது எப்போதோ ஒரு நாள். மீதி நாளெல்லாம் வண்டி சும்மாதானே நிற்கும்? அந்த வரிசையில் ஆறு வீடுகள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பேசினோம். மாலைக்குள் ஆறு வீட்டாரும் பங்கு போடச் சம்மதித்துவிட்டார்கள். கீழே வெல்டிங் கடையில் செய்யச் சொல்வது தம்பியின் பொறுப்பு.

பஸ் ஏறும்முன் திரும்பிப் பார்த்தேன். தம்பி அந்த இரண்டு பெட்ரோல் பாட்டில்களையும் அலமாரியிலிருந்து எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொண்டிருந்தான். சித்தி அவனுக்குப் பின்னாலேயே போய், "தண்ணி பாட்டிலையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிராதே, மோந்து பாருடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.