பேரனும் மணற்பாறைக் குட்டிச்சாத்தான்களும்

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, யூட்டா மாநிலத்து மணற்பாறைப் பூங்காக்களைக் காரிலேயே சுற்றிக்காட்டினார் மாப்பிள்ளை. கூடவே ஐந்து வயதுப் பேரன்.

முதலில் மோவாப் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. இயற்கையாய் உண்டான கல் வளைவுகள் 2,000-க்கும் மேல்! அடியிலிருந்த பழங்கால உப்புப் படுகை புடைத்து நகர்ந்ததில், மேலிருந்த பாறை விண்டு சுவர் சுவராய் நின்றதாம். மழைநீர் உள்ளே புகுந்து, குளிரில் உறைந்து, மெல்ல மெல்லச் சுவரையே ஓட்டை போட்டுவிடுகிறது. கல்தானே, அசையாது என்று எண்ணிவிடாதீர்கள். 1991-ல் லாண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து 60 அடி நீளப் பாளம் விழுந்தது. 2008-ல் வால் ஆர்ச் என்ற வளைவு ஒரே இரவில் இடிந்தே போயிற்று.

புகழ்பெற்ற டெலிகேட் ஆர்ச்சைப் பார்க்கப் போக வர சுமார் 5 கி.மீ. நடை. வெறும் பாறையில் ஏற்றம். ஒதுங்க நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் கிளம்பினோமே, அதுதான் தப்பு. பாதி வழியில் பேரன் பேச்சை நிறுத்திவிட்டான். வாய் ஓயாத பிள்ளை! முகம் செக்கச் சிவந்திருந்தது.

"காலையிலேருந்து ஒண்ணுக்குப் போனானாடி?" என்றேன். மகள் விழித்தாள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் அத்தை" என்றார் மாப்பிள்ளை. அவரிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும், "வளைவு எங்கேயும் ஓடிடாது மாப்பிள்ளை, திரும்புங்க" என்று சொல்லிவிட்டேன். (வளைவு இடிந்த கதையைச் சொன்னவளும் நானேதான்!)

காரில் குளிர்காற்றைப் போட்டு, ஈரத்துண்டால் துடைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் புகட்டினோம். உப்பு பிஸ்கட்டும் ஆரஞ்சும் உள்ளே போயின. முக்கால் மணியில் ஒண்ணுக்குப் போனான், பேச்சும் திரும்பியது. குழந்தை துவண்டாலோ, வாந்தி எடுத்தாலோ மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அங்கே நாளொன்றுக்கு ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டுமாம். பூங்காவுக்குள் சாப்பாடு விற்பதில்லை, கட்டிக்கொண்டுதான் போகணும்.

மறுநாள் விடியுமுன் கிளம்பி காப்ளின் வேலி. குட்டிச்சாத்தான் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். கெட்டிப் பாறை தலையாய் நிற்க, அடியிலுள்ள மெத்துப் பாறை கரைந்து கழுத்தாகி, ஆயிரக்கணக்கில் கல் காளான்கள்! குழந்தைகள் நடுவே புகுந்து ஓடலாம், தள்ளத்தான் கூடாது. 2013-ல் ஒன்றைத் தள்ளிவிட்டவர்கள் மேல் வழக்கே நடந்தது. "இது தாத்தா, இது கொழுக்கட்டை" என்று பேரன் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துக்கொண்டே போனான்.

ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. "போதும், காருக்குப் போலாம்" என்று முதலில் குரல் கொடுத்தவர் மாப்பிள்ளைதான்.