புரோஸ்டேட்டின் வலி நரம்புகள்

ஜொகூர் பாலத்து நெரிசலில் தினமும் மோட்டார் சைக்கிளில் நகரும் ஆண்களிடம் அடிவயிற்று வலியைப் பற்றிக் கேட்டால், பலர் "உடம்புச் சூடு" என்று சொல்லி இளநீரைத் தேடுவார்கள். அந்த வலிக்குப் புரோஸ்டேட் சுரப்பியும் காரணமாக இருக்கலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி, ஏறத்தாழ 20 கிராம் எடையில் இருக்கும் சுரப்பி அது. பினாங்கில் 20 முதல் 50 வயது ஆண்களிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேருக்கு நாள்பட்ட புரோஸ்டேட் அழற்சியின் அறிகுறிகள் தெரிந்தன.

இச்சுரப்பியின் வலிச் செய்தியைச் சுமப்பவை மிக மெல்லிய நரம்பிழைகள். அவற்றில் சிலவற்றின் நுனியில், மிளகாயின் காரத்தை உணரும் அதே புரத ஏற்பி இருப்பதைப் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த இழைகள் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் போய்ச் சேர்கின்றன. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோலின் நரம்புகளும் அங்கேதான் நுழைகின்றன. மூளைக்குத் தோலிலிருந்து வரும் செய்தியே பழக்கம். அதனால் சுரப்பி நோகும்போது அந்தத் தோலிலோ, ஆணுறுப்பின் நுனியிலோ, விதையிலோ, கீழ்முதுகிலோ வலிப்பதாக உணர்கிறோம். இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் பலர் வலியின் காரணம் ஓரிடத்தில் இருக்க, வைத்தியம் வேறிடத்தில் பார்த்துக் காலத்தைக் கழிக்கிறார்கள்.

அழற்சியை உண்டாக்கிய கிருமி போன பிறகும், சில சமயம் கிருமியே இல்லாமலும், வலி நீடிப்பதுண்டு. அழற்சியின்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் நரம்பின் தாங்கும் எல்லையைக் குறைத்துவிடும். பிறகு சாதாரணமாகச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே நோகும். சோதனையில் எதுவும் தென்படாததால் "மனப்பிரமை" என்று ஒதுக்குவது அந்த நோயாளிக்குச் செய்யும் அநீதி.

2008-இல் வெளியான மற்றொரு பினாங்கு ஆய்வு, இத்தகைய நாள்பட்ட வலியுள்ள 89 ஆண்களுக்கு 10 வாரம் ஊசிக்குத்துச் சிகிச்சை அளித்தது. உரிய புள்ளிகளில் குத்தப்பட்ட 44 பேரில் 32 பேர் முன்னேற்றம் கண்டார்கள். புள்ளியிலிருந்து தள்ளிக் குத்தப்பட்ட 45 பேரில் 21 பேர். சிகிச்சை முடிந்து 24 வாரம் கழித்தும் பலன் நிலைத்தவர்கள் முறையே 14 பேரும் 6 பேரும்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. புரோஸ்டேட் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். வலியோடு குளிர்க்காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் அடைத்தாலோ, விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.