இரதியும் அப்ரோடைட்டியும்

மாணவர்களே, கிரேக்கப் புராணக் கதைகளைப் படித்தவர்கள் அப்ரோடைட்டி என்னும் காதல் தேவியை அறிவீர்கள். அவள் கடல் நுரையில் பிறந்தவள் என்று கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த ஹீசியட் என்னும் புலவர் பாடினார். சைப்ரஸ் தீவின் பாபோஸ் நகரில் அவளுக்குப் புகழ்பெற்ற கோயில் இருந்தது. உரோமர் அவளையே வீனஸ் என்று வணங்கினர். அவள் பெயர் தாங்கிய கோளை நாம் வெள்ளி என்கிறோம். அக்கோளுக்குரிய கிழமை அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே என்பதையும் போகிற போக்கில் நினைவிற் கொள்க.

நம் நாட்டில் இவளுக்கு ஈடாக யாரைச் சொல்வது? இரதி என்று பலர் உடனே விடையிறுப்பர். அஃது அவசர விடை என்பது என் கருத்து. அப்ரோடைட்டி ஆணையிடுபவள்; தேவரும் மாந்தரும் அவளுக்கு அடங்கியவர். வில்லேந்திய ஈராஸ் அவள் ஏவலைச் செய்யும் மகன். நம் மரபிலோ கரும்பு வில்லும் ஐந்து மலர்க்கணைகளும் தென்றல் தேரும் மன்மதனுக்கே உரியவை. இரதியின் கையில் வில் இல்லை. அவள் பெருமை, கணவன் எரிந்தபின் தொடங்குகிறது.

அவன் எரிந்த இடமாகப் போற்றப்படுவது நம் காவிரி நாட்டிலேயே உள்ளது. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள குறுக்கை, அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. அப்பர் பாடிய பதி. யோகத்தில் அமர்ந்த சிவபெருமான்மீது, தேவர்கள் ஏவியபடி, மன்மதன் மலர்க்கணை தொடுத்தான். நெற்றிக்கண் திறந்தது, அவன் சாம்பலானான். இரதி அழுது வேண்டினாள். இறைவன் இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகும்படி அவனை மீட்டளித்தான். உடலற்றவன் என்னும் பொருளில் அநங்கன் என்ற பெயர் அவனுக்கு வந்தது இதனாலேயே.

கிரேக்க தேவியும் ஒருமுறை இவ்வாறு அழுதாள். அவள் காதலித்த அடோனிஸ் என்னும் இளைஞனைக் காட்டுப்பன்றி கொன்றது. அதனை நினைந்து ஏதென்ஸ் மகளிர் கோடையில் உடைந்த மட்கலங்களில் விதையிட்டு, கூரைமேல் வைத்து, முளை விரைவில் வாடியதும் ஒப்பாரியோடு நீரில் எறிந்தனர். நம் முளைப்பாரியும் நீரில் முடிவதுதான்; ஆயினும் அது செழிப்பை வேண்டி வளர்ப்பது, இது வாடுவதற்கென்றே விதைப்பது. யவனர் புகாரில் குடியிருந்தனர் என்று சிலப்பதிகாரம் கூறுவதைக் கொண்டு, ஒருவர் கதையை மற்றவர் கடன் வாங்கினர் என்று துணிவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துணையை இழந்து அழுவதைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டுமா என்ன?

அதே புகாரில் காமவேள் கோட்டம் ஒன்று இருந்தது. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடி அக்கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்று, பிரிவால் வருந்திய கண்ணகிக்குத் தேவந்தி எடுத்துரைத்தாள். கண்ணகியோ அது தனக்குப் பெருமையன்று என மறுத்துவிட்டாள். காதல் தெய்வத்தின் உதவியையே வேண்டாமென்ற காதலி அவள்! இளங்கோவடிகள் ஒரு சொல்லில் அவள் இயல்பைக் காட்டிவிடுகிறார்.

தஞ்சை நாட்டுச் சிற்றூர்களில் இக்கதை மாசித் திங்களில் விழாவாக நிகழ்வது. சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் மலிந்திருக்கும் காலம் அது. கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் காமனை நட்டு, பல நாள் வழிபட்டு, இறுதியில் வைக்கோலும் வறட்டியும் இட்டு எரிப்பர். இந்த விழாவோடு ஒட்டி வளர்ந்தது லாவணி. தஞ்சையை 1855 வரை ஆண்ட மராட்டியர் வழியே வந்த பாட்டுவகை இது, இங்கே தமிழாகிவிட்டது. எரிந்த கட்சியார் காமன் எரிந்தே போனான் என்பர். எரியாத கட்சியார், எரியவில்லை என்பர். டேப் முழங்க, புராணச் சான்றுகளை அடுக்கி, வினாவும் விடையுமாக விடியும்வரை பாடுவர். ஏடறியாத உழவரும் அமர்ந்து எந்தக் கட்சி இளைத்தது என்று கணிப்பர். வாதம் செய்யக் கற்க விரும்பும் மாணவர் ஓர் இரவேனும் இதைக் கேட்டல் வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குச் சென்ற தமிழர், காமன் கூத்தையும் உடன் கொண்டு சென்றனர். அங்கே தப்பு முழங்க, ஆடவரே இரதி வேடம் புனைந்து புலம்புகின்றனர்.