ஆற்றங்கரையிலிருந்து குன்றின் மேல்

கிள்ளான் நகரத்தில் ஆற்றுக்கு அணித்தாக, ராஜா அப்துல்லா என்னும் சிலாங்கூர் ராஜவம்சத்துப் பிரபு 1850-களில் கட்டிய ஈயக் கிடங்கு ஒன்று இன்றும் நிற்கிறது. 1857-இல் எண்பத்தேழு சீனத் தொழிலாளரை ஆற்றின் வழியே மேலே அனுப்பி, இரு நதிகள் கூடும் சேற்று முகத்துவாரத்தில் ஈயம் தோண்டச் செய்து, அதனால் கோலாலம்பூர் என்ற ஊர் உண்டாவதற்குக் காரணராயிருந்தவர் அவரே. அக்கிடங்கு பின்னாளில் போலீஸாரின் உபயோகத்திலும் இருந்தது. நாடெங்கும் ஒரே போலீஸ், அதற்கு ஒரே தலைவர், அவருக்கு ஒரே தலைமையகம் என்ற இன்றைய ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோலாலம்பூரில் புக்கிட் அமான் குன்றின் மேலுள்ள அத்தலைமையகமன்று. ஆற்றங்கரையிலிருக்கும் இந்தக் கிடங்குதான். ஏனெனில் சிலாங்கூரில் போலீஸ் என்ற ஸ்தாபனம் ஆற்றங்கரையிலே பிறந்து, பிறகுதான் குன்றேறிற்று.

1867 முதல் 1873 வரை கிள்ளான் ஆற்றின் உரிமைக்காக ராஜா மஹ்டியின் கட்சியும் துங்கு கூடினின் கட்சியும் நடத்திய யுத்தத்தில் தேசம் பாழாகிக் கிடந்தது. அக்காலத்தில் காவல் என்பது, எவனிடம் ஆயுதமேந்திய ஆட்கள் இருந்தார்களோ அவனுடைய சொந்த விவகாரம். ராஜாக்களுக்கு அவரவர் பரிவாரம். கோலாலம்பூர்ச் சீனர்களுக்கு அவர்களுடைய தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோயின் ஆட்களும் அவர் வைத்திருந்த சிறையும். 1874-க்குப் பின் சுல்தானுக்கு ஆலோசனை கூறும் ஆங்கில ரெசிடெண்டு வந்து அமர்ந்ததும், மறு வருஷமே ஒழுங்கான போலீஸ் படை ஒன்றை ஏற்படுத்தும் பொறுப்பு எச். சி. சையர்ஸ் என்பவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாக இருந்து வந்த இம்மனிதர் கிள்ளானிலே ஆரம்பித்த சிறு படை, 1880-இல் ராஜ்யத்தின் தலைநகரம் கோலாலம்பூருக்கு மாறியபோது தானும் ஆற்றின் மேற்புறமாகப் பிரயாணம் செய்தது. இன்று மெர்டேக்கா சதுக்கம் என்று வழங்கும் பசும்புல்வெளி அந்நாளில் போலீஸார் அணிவகுத்துப் பழகும் மைதானமாக இருந்தது என்பதும், இன்றைய புக்கிட் அமான் அதே மைதானத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் யதேச்சையாக அமைந்த பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை.

சிலாங்கூருக்கு ஒரு படை இருந்தாற்போலவே பேராக்கிற்கும் ஒன்று இருந்தது. அது பெரும்பாலும் வட இந்தியச் சீக்கியரைக் கொண்டு, போலீஸ் பாதியும் பட்டாளம் பாதியுமாக விளங்கியது. நெகிரி செம்பிலானுக்கும் பகாங்கிற்கும் தனித்தனியே உண்டு. இப்படி நான்கு ராஜ்யங்கள், நான்கு படைகள், நான்கு உடுப்புகள், நான்கு சம்பளத் திட்டங்கள் என்று இருந்தால் கள்வனுக்கு எவ்வளவு சௌகரியம் என்பதை அறிய வேண்டுமானால், சிலாங்கூருக்கும் பேராக்கிற்கும் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆற்றைப் பார்த்தால் போதும். இக்கரையில் ஒருவன் திருடிவிட்டு, சிரமமில்லாமல் அக்கரையிலுள்ள தஞ்சோங் மாலிமுக்குப் போய்விட்டானானால், இக்கரைப் போலீஸ்காரன் ஆற்றின் ஓரத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருக்கலாமேயன்றி, அக்கரை ராஜ்யத்தின் சம்மதமின்றி அவனைத் தொட உரிமையில்லை. ஈய லம்பத்துக் கூலியாட்களும் வியாபாரிகளும் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் நடமாடிய காலத்தில், போலீஸ் மட்டும் எல்லைக்கு அடங்கிக் கிடந்தது. அன்றியும் 1891-இல் பகாங்கில் டத்தோ பஹாமான் கிளர்ச்சி செய்தபோது, அந்த ஏழை ராஜ்யத்தால் தன் படையைக் கொண்டு மட்டும் அதை அடக்க இயலாமல், பக்கத்து ராஜ்யங்களின் ஆட்களும் அங்கே போகும்படி நேர்ந்தது.

இக்காரணங்களும், செலவைச் சுருக்க வேண்டுமென்ற ஆங்கில நிர்வாகத்தின் கவலையும் சேர்ந்தே 1895-ஆம் வருஷத்து உடன்படிக்கையையும், அதைத் தொடர்ந்து 1896 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய மலாய் மாநிலங்களையும் தோற்றுவித்தன. கோலாலம்பூர் நான்கு ராஜ்யங்களுக்கும் பொதுத் தலைநகராயிற்று, போலீஸும் பொதுவாயிற்று. பேராக் சீக்கியர் படை தைப்பிங்கில் மலாய் மாநில வழிகாட்டிப் படை என்ற பெயரில் பட்டாளமாகப் பிரிக்கப்பட்டு, போலீஸ் என்பது பிரஜைகளின் காரியத்தைப் பார்க்கும் ஸ்தாபனமாக நின்றது. அதற்கு முதல் கமிஷனர், கிள்ளானில் ஆரம்பித்த அதே சையர்ஸ். ஆனால் அந்தப் பதவியை அவர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. மறு வருஷமே பகாங் காட்டில் வேட்டைக்குப் போனவிடத்தில் காட்டெருமை ஒன்று முட்டி உயிரிழந்தார்.

அக்காலத்தில் ஒன்றாக்கப்பட்டது போலீஸ் மட்டுமன்று. தனித்தனியே இருந்த ரயில் பாதைகளும் 1901-இல் ஒரே இலாகாவாயின; தபாலும் மராமத்தும் கணக்கும் இவ்வாறே பொதுவாயின. பிரிக்பீல்ட்ஸ் என்ற பேட்டை வளர்ந்ததற்கு இதைக் காட்டிலும் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, ரெசிடெண்டு சுவெட்டன்ஹாம் செங்கல்லால் வீடு கட்டச் சொன்னபோது, செங்கல் சூளைகள் ஏற்பட்ட இடம் அது. பின்பு ரயில்வேயின் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தவர்கள் பக்கத்து ஸ்காட் சாலையில் கந்தசுவாமிக்குக் கோயில் எழுப்பினார்கள். இந்தக் குடும்பங்களுக்கு இலாகாக்கள் ஒன்றுசேர்வது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'மாற்றல்' என்ற ஒரே சொல்லில் அவர்கள் அதை அறிந்திருந்தார்கள். தைப்பிங்கில் இருந்தவர் அடுத்த மாதம் கோலாலிப்பிசில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் சாமான், வளர்ப்புக் கோழி எல்லாம் அதற்குத் தக்கபடி.

ஒன்றான போலீஸின் பலமும் பலவீனமும் இந்த மாற்றலில்தான் இருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். தன் ஊரிலேயே, தன் சொந்தக்காரர் நடுவே வேலை பார்க்கும் போலீஸ்காரன், மாமன் மகனைப் பிடிக்கக் கூச்சப்படுவான்; பெருந்தனக்காரர் ஒருவர் வீட்டு விருந்துக்குப் பிறகு அவருடைய காரியத்தைப் பார்க்கச் சங்கடப்படுவான். எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவனுக்கு இந்தத் தளைகள் இல்லை. ஆனால் அதே மனிதனுக்கு, எந்தச் சந்தின் முனையில் எவன் நிற்பான், எந்த வீட்டுச் சச்சரவு இரவு பத்து மணிக்குமேல் கைகலப்பாக முடியும், எவளுடைய அழுகை புகாராகவும் எவளுடைய அழுகை பழக்கமாகவும் கொள்ளத்தக்கது என்பதும் தெரியாது. மலாய்க்காரர் அந்நாளில் போலீஸ்காரனை 'மாத்தா-மாத்தா' என்று அழைத்தார்கள். மாத்தா என்றால் கண். குன்றின் மேலிருக்கும் கண்ணுக்குத் தூரம் நன்றாகத் தெரியும். காலடியில் இருப்பது தெரிவதில்லை.

இதைவிடக் கடினமான கேள்வியும் ஒன்று உண்டு. ஒன்றான படை எவருடைய கட்டளையை எதிர்பார்த்து நிற்கிறது? 1941-ஆம் வருஷம் மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலி தங்களுக்கும் கிடைக்க வேண்டுமென்றும், தோட்டத் துரைமார் முன்னிலையில் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமென்ற அவமானம் ஒழிய வேண்டுமென்றும், பெண்களை இம்சிப்பவர்கள் தண்டிக்கப்பட வேண்டுமென்றும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டுமென்றும் அவர்கள் கேட்டார்கள். இவற்றில் எதுவும் ராஜத்துரோகமில்லை என்பது எவருக்கும் தெரியும். ஆயினும் அவர்களுடைய தலைவராகத் திகழ்ந்த ஆர். எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவர், மே மாத ஆரம்பத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார், கலவரம் பரவவே சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று, பட்டாளம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். கிள்ளான் தெருவில் ஒரு சச்சரவு நேர்ந்தால் கிள்ளானுக்குள்ளேயே அதைச் சமாதானம் செய்யும் அதிகாரம் எவரிடமும் இருக்கவில்லை. உத்தரவெல்லாம் கோலாலம்பூரிலிருந்தும், அங்குள்ளவர்களுக்குச் சிங்கப்பூரில் இருந்த ஹைகமிஷனரிடமிருந்தும் வந்தன. சிதறிக் கிடந்த சிறு படைகள் இத்தனை ஆளைத் திரட்டியிருக்க முடியாது என்பதும் மெய்யே. அதைப் பாராட்டுவதா, வருந்துவதா என்பது நீங்கள் தோட்டத்து லயத்தில் நின்று பார்க்கிறீர்களா, பங்களாவின் வராந்தாவில் நின்று பார்க்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன்னே, ஐக்கிய மாநிலப் போலீஸுக்குப் புறம்பாக ஜொகூர், கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் ஆகிய ஐந்து ராஜ்யங்களும் தத்தம் படையை வைத்திருந்தன. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா என்னும் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வேறொன்று. ஜப்பானியர் வந்தும் போயும் இவற்றையெல்லாம் குலைத்துவிட்டபின், 1946 ஏப்ரல் 1-ஆம் தேதி மலாயன் யூனியன் என்ற புதிய ஏற்பாட்டின்கீழ், சிங்கப்பூர் நீங்கலாக, எல்லாப் படைகளும் ஒன்றாயின. மலாயன் யூனியனை மலாய் மக்கள் ஏற்கவில்லை. சுல்தான்களின் உரிமையைப் பறிக்கிறது என்று அவர்கள் எதிர்த்த எதிர்ப்பில் அது இரண்டே வருஷத்தில் கலைந்து, 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு பிறந்தது. ஆனால் யூனியன் கலைந்தபோது போலீஸ் மட்டும் கலையவில்லை. வீடு இடிந்து அதன் நிலைக்கதவு மட்டும் நின்றாற்போல, அந்த ஒரே படை அப்படியே நீடித்தது. நான்கே மாதத்தில், ஜூன் மாதம், கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தினால் நாடு முழுவதும் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அதற்குமேல் எவர் பிரித்துக் கேட்பார்?

அவசர காலத்தின் நடுவே, 1952-இல், லண்டன் நகரப் போலீஸின் தலைவராயிருந்த ஆர்தர் யங் மலாயாவிற்குக் கமிஷனராக வந்து ஒரு வருஷமளவு இருந்தார். படை பெருத்துவிட்டது, ஆனால் ஜனங்கள் அதைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்பதை அவர் உணர்ந்து, 'சேவை இயக்கம்' என்ற ஒன்றைத் தொடங்கி, கைகுலுக்கும் இரு கரங்களை அதற்குச் சின்னமாக வைத்தார். சாதாரண மனிதன் கேட்கும் சிறு உதவியைச் செய்வதும் போலீஸின் வேலையே என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் சொல்லப்பட்டது. ஒன்றாக்குவதால் கிடைக்காத ஒன்றை, ஒன்றாக்கிய பின் தனியாக உழைத்துத் தேட வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

1957-இல் சுதந்திரம் வந்தபோது, அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை போலீஸை மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் வைத்தது. நம் வாசகர்களில் தமிழகத்து உறவினர் உடையவர்களுக்கு இது விசித்திரமாயிருக்கும். இந்தியாவிலோ போலீஸ் என்பது ராஜ்யங்களின் பொருள், சென்னை முதலமைச்சருக்கு அது நேரே பதில் சொல்லக் கடமைப்பட்டது. இங்கேயோ சிலாங்கூரின் முதலமைச்சரான மந்திரி பெசார் கிள்ளான் போலீஸுக்கு உத்தரவிட முடியாது. 1958 ஜூலையில் மாமன்னர் மலாயாவின் அந்த ஒரே படைக்கு 'அரச' என்ற பட்டத்தை வழங்கினார். 1963-இல் மலேசியா அமைந்தபோது சபா, சரவாக், சிங்கப்பூர்ப் படைகளும் வந்து சேர்ந்தன. இரண்டு வருஷம் கழித்துச் சிங்கப்பூர் பிரிந்து போனதும் அதன் போலீஸும் பிரிந்து போயிற்று. பாக்கி எல்லாம் 1967-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தின்கீழ் நிலைபெற்றது.

இத்தகைய இணைப்பு உலகில் மற்ற தேசங்களிலும் நடந்து வருகிறது. ஸ்காட்லாந்து தன் எட்டுப் படைகளை 2013 ஏப்ரலில் ஒன்றாக்கியது. நெதர்லாந்தும் அதே வருஷத்தில் தன் வட்டாரப் படைகளைத் தேசியப் போலீஸாக்கியது. 2006-இல் இங்கிலாந்தில் சிறு படைகளைப் பெரியவற்றோடு சேர்க்க எழுந்த திட்டமோ எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. சென்னையின் கதை இன்னும் சுவையானது: புறநகருக்கென்று 2008-இல் தனிக் கமிஷனர் அலுவலகம் உண்டாயிற்று, 2011-இல் நகரத்தோடு சேர்க்கப்பட்டது, 2022-இல் ஆவடி, தாம்பரம் என்று மறுபடியும் பிரிக்கப்பட்டது. சேர்ப்பதும் பிரிப்பதும் ஒரே மேஜையின் மீது நடக்கும் வேலைகள்.

நம்மிடத்திலும் ஒன்றாக்கிய படைக்குள்ளே கோடுகள் கிழிபடுவது நின்றபாடில்லை. 1974 பிப்ரவரியில் சிலாங்கூரின் வயிற்றிலிருந்து கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டபின், தலைநகருக்கு ஒரு கான்டிஞ்சென்ட், அதாவது மாநில அளவிலான போலீஸ் பிரிவு, சிலாங்கூருக்கு மற்றொன்று. முந்தையதற்குக் கீழே பிரிக்பீல்ட்ஸ் ஒரு மாவட்டம். பிந்தையதன் கீழே கிள்ளானே வடக்கென்றும் தெற்கென்றும் இரண்டு மாவட்டங்கள். சையர்ஸின் ஒரே படை நடந்த அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்று எத்தனையோ காரியாலயங்கள்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும்போது, கோத்தா டாருல் ஏசான் என்ற பெரிய வளைவு ஒன்று தலைக்குமேல் வருகிறது. தன் தலைநகரைக் கொடுத்ததன் ஞாபகமாகச் சிலாங்கூர் எழுப்பிய தோரணம் அது. கார் அதன் கீழே நுழைகிற ஒரு நொடியில், ஒரு கான்டிஞ்சென்டிலிருந்து மற்றொரு கான்டிஞ்சென்டுக்குள் போய்விடுகிறோம். சாலையில் போலீஸ்காரனின் உடுப்பு மாறுவதில்லை. கிள்ளானின் துங்கு கிளானா சாலையில் தீபாவளிக் கூட்டத்தில் கைப்பையைப் பறிகொடுத்த ஒருவர், வீடு திரும்பிய பிறகு பிரிக்பீல்ட்ஸில் டிராவர்ஸ் சாலைப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கலாம். வாங்க மாட்டோமென்று சொல்ல அங்குள்ளவர்களுக்கு இடமில்லை. எழுதிக்கொண்ட தாள் பிறகு கிள்ளான் தெற்கு மாவட்டத்திற்குப் போகும். அங்கே அதைப் பிரித்துப் பார்ப்பவர் எந்த ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவரோ, அந்தத் தெருவில் எத்தனை தீபாவளி பார்த்தவரோ, புகார் கொடுத்தவருக்கு அது தெரிய வழியில்லை.