கொலுவுல அந்த அக்காவுக்கு எந்தப் படி?

இந்த எபிசோடையும் சேலையூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்துதான் ரெக்கார்ட் பண்ணேன். ஆடியோவுல நடுநடுவே மீன்காரர் குரல் கேட்கும், என்ன எடிட் பண்ணியும் போகல. எழுத்துல படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.

2020 அக்டோபர்ல எங்க வீட்டுல நடந்த ஒரு சின்ன சண்டையில இருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருஷ நவராத்திரிக்கு யாரும் யார் வீட்டுக்கும் போகல. அம்மா கொலுவை வீடியோ கால்ல காட்டினாங்க, சுண்டலை நாங்களே சாப்பிட்டுத் தீர்த்தோம். அந்த முறை அம்மா பேப்பர் கூழ்ல புதுசா சில பொம்மை செஞ்சிருந்தாங்க. வெள்ளை கோட் போட்ட டாக்டர், மாஸ்க் போட்ட நர்ஸ், தொப்பி வெச்ச போலீஸ், கையில துடைப்பத்தோட தூய்மைப் பணியாளர். அதுல டாக்டரும் நர்ஸும் மூணாவது படிக்குப் போனாங்க, போலீஸுக்கு ரெண்டாவது படி. தூய்மைப் பணியாளர் பொம்மையை மட்டும் அம்மா கீழே தரையில, பார்க் செட் பக்கத்துல வெச்சாங்க.

பாட்டி கண்ணாடியைச் சரி பண்ணிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "தினம் வாசலுக்கு வந்தது யாருடி?"

அதுக்கு அம்மா பதில் சொல்லல. நானும் லேப்டாப்ல இருந்து தலையைத் தூக்கல. ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. பெருந்தொற்றுக் காலத்துல பெண்கள் செஞ்ச வேலையைப் பெண்களே எப்படிக் கலையாக்கினாங்க, அதுல யார் இடம்பிடிச்சாங்க, யார் விடுபட்டாங்கன்னு இன்னைக்குப் பேசப்போறோம்.

வாசல்தான் கேலரி

கோலத்துல இருந்து ஆரம்பிக்கலாம். 2020, 2021-ல தமிழ்நாடு முழுக்க கொரோனா கோலங்கள் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நடுவுல முள்முள்ளா ஒரு உருண்டை, சுத்தி மாஸ்க், கை கழுவுற படம், சில இடத்துல ஸ்டெதஸ்கோப், நர்ஸ் முகம். மகளிர் சுய உதவிக் குழுக்காரங்க தெருமுனையிலயும் அலுவலக வாசல்லயும் விழிப்புணர்வுக் கோலம் போட்டாங்க. வீட்டுப் பெண்கள் அவங்கவங்க வாசல்ல போட்டாங்க.

ஏன் கோலம்? மத்த கலைக்கெல்லாம் இடம் வேணும், காசு வேணும், யாராவது அனுமதி தரணும். 2020 ஜூன் 19-ல இருந்து 30 வரைக்கும் சென்னையிலயும் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தோட புறநகர்ப் பகுதிகள்லயும் ரொம்பக் கடுமையான ஊரடங்கு இருந்துச்சு. ஜி.எஸ்.டி. ரோடு காலியா கிடந்ததை அப்போதான் பார்த்தேன். அந்த நாட்கள்ல ஒரு பெண் தன் கையால ஏதாவது செஞ்சு வெளியாளுக்குக் காட்ட மிச்சம் இருந்த இடம் வாசல் மட்டும்தான்.

இன்னொரு காரணமும் இருக்கு. கோலம் வாசலுக்கு வர்றவங்களுக்காகப் போடுறது. ஊரடங்குல வாசலுக்கு யார் வந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. சொந்தக்காரங்க யாரும் வரல. குப்பை வாங்க வந்தவங்க, "வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"ன்னு கேட்டுட்டு வந்தவங்க, இவங்கதான் வந்தாங்க. சென்னை மாநகராட்சி அந்தக் கணக்கெடுப்புக்கு மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை இறக்கினாங்க, அதுல பெண்கள் நிறைய. கிராமப்புறத்துல கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அதே வேலையைச் செஞ்சாங்க. அதனால வாசல்ல நன்றின்னு எழுதினா, அதைப் படிக்க வேண்டியவங்க கண்ணுல அது நேராப் படும். 2020 மே 3 அன்னைக்கு ஹெலிகாப்டர்ல இருந்து ஆஸ்பத்திரிகள் மேல பூ தூவினாங்களே, அது டிவியில பார்க்கிறவங்களுக்கு. வாசல் கோலம் எதிர்ல நிக்கிற ஆளுக்கு.

இங்க ஒரு தாம்பரம் பெருமையைச் சொல்லாம போக முடியாது. நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன், பொறுத்துக்கோங்க. கோலத்தைக் கணினி அறிவியலுக்குள்ள கொண்டுபோனது நம்ம ஊர்தான். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவங்களோட கமலா கிருதிவாசன், இந்த மூணு பேரும் 1974-ல கோலத்தைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. மூணு பேர்ல ரெண்டு பேர் பெண்கள். கட்டுரையோட சாரத்தை எளிமையா சொல்றேன். ஒரு சின்ன வடிவம், அதை எப்படி மாத்தி எழுதணும்னு சில விதிகள். அந்த விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டா பெரிய கோலம் வந்துடும். ஒரு மொழிக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி கோலத்துக்கும் இலக்கணம் இருக்கு. "இதையே நாலு பக்கமும் போடுடி"ன்னு பாட்டிகள் சொல்றது அந்த விதியைத்தான்.

கொரோனா கோலத்துல நடந்ததும் இதுதான். இலக்கணம் பழசு, அதுக்குள்ள புதுசா சில சொற்கள் வந்துச்சு. அதனாலதான் யாரும் சொல்லித்தராமலே இத்தனை ஊர்ல இத்தனை சீக்கிரம் பரவுச்சு.

இது நம்ம ஊர்ல மட்டும் நடந்ததும் இல்ல. மேற்கு வங்காளத்துல பிங்லா பக்கம் நயான்னு ஒரு கிராமம், சுருள் ஓவியத்துக்குப் பேர் போனது. அங்க ஸ்வர்ணா சித்ரகார் 2020-ல கொரோனாவைச் சுருளா வரைஞ்சு, அதைப் பிரிச்சுக் காட்டிப் பாட்டாவும் பாடினாங்க. அந்த வீடியோ நாடு முழுக்கப் போச்சு.

பொம்மை எங்க நிக்குது?

இப்போ கொலு. ஒண்ணை முதல்லயே ஒத்துக்கணும். கோலம் மாதிரி கொலு எல்லா வீட்டுலயும் வைக்கிற பழக்கம் இல்ல. அது சில சமூகத்து வீடுகள்லதான் அதிகம். ஆனா 2020-ல சென்னையில கொரோனா கொலு நிறைய வந்துச்சு, டாக்டர் நர்ஸ் பொம்மைகளோட.

கொலுவுல முக்கியமான விஷயம் வரிசை. கீழ்ப் படியில இருந்து மேல போகப் போக உயிர்கள் உயர்ந்துகிட்டே போய், உச்சியில தெய்வம்னு பெரியவங்க விளக்கம் சொல்வாங்க. அப்படின்னா ஒரு பொம்மையை எந்தப் படியில வைக்கிறோமோ, அதுவே அந்த ஆளைப் பத்தி நாம சொல்ற கருத்து. எங்க பாட்டி கேள்வியோட கூர்மை அங்கதான் இருந்துச்சு.

இதே கேள்வி வெளிநாட்டு பொம்மைகளுக்கும் பொருந்தும். 2021 ஆகஸ்ட்ல பார்பி கம்பெனியான மாட்டெல், கோவிட் காலத்துல உழைச்ச ஆறு பெண்களை பார்பி பொம்மையா செஞ்சு மரியாதை பண்ணாங்க. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியை உருவாக்கின சாரா கில்பர்ட் அதுல ஒருத்தர். நல்ல விஷயம்தான். ஆனா ஆறு பேருமே டாக்டர், நர்ஸ், விஞ்ஞானி. ஆஸ்பத்திரித் தரையைத் துடைச்சவங்க ஒருத்தர்கூட இல்ல. எங்க அம்மாவோட மூணாவது படியும் மாட்டெலோட பட்டியலும் ஒண்ணுதான்.

கைதட்டலுக்கு அப்புறம்

பாராட்டுக் கலையில எனக்கு ஒரு பயம் உண்டு. பாராட்டிட்டோம்ங்கிற நிம்மதியில, கொடுக்க வேண்டியதை மறந்துடுவோமோன்னு.

பிரிட்டன்ல பேங்க்ஸி 2020 மே மாசம் சவுத்தாம்ப்டன் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஓவியம் கொடுத்தார். ஒரு பையன் பேட்மேனையும் ஸ்பைடர்மேனையும் கூடையில போட்டுட்டு நர்ஸ் பொம்மையோட விளையாடுற படம். 2021 மார்ச்ல அது 1.6 கோடி பவுண்டுக்கு மேல ஏலம் போச்சு, பணம் சுகாதார அறக்கட்டளைகளுக்குப் போச்சு. அதே மார்ச்ல பிரிட்டன் அரசு அந்த நர்ஸுகளுக்குப் பரிந்துரைச்ச சம்பள உயர்வு எவ்வளவு தெரியுமா? 1 சதவீதம். எதிர்ப்பு கிளம்பின பிறகு, ஜூலையில அது 3 சதவீதம் ஆச்சு.

இங்கயும் பார்ப்போம். கோவிட் நேரத்துல தமிழ்நாட்டுல ஒப்பந்தத்துல எடுத்த செவிலியர்கள் 2,300 பேருக்கும் மேல. அவங்க பணிக்காலம் 2022 டிசம்பர் 31-ஓட முடியுதுன்னு அரசு அறிவிச்சுது. மாற்று வேலை தர்றோம்னு அரசு சொல்ல, பணிநிரந்தரம் வேணும்னு அவங்க போராடினாங்க. 2025 ஆகஸ்ட்ல சென்னை தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னாடி 13 நாள் உட்கார்ந்தாங்க. பெரும்பாலும் பெண்கள். 2020-ல பல ஊர்ல இதே வேலை செஞ்சவங்க கழுத்துலதான் ரூபாய் நோட்டு மாலையும் பூமாலையும் விழுந்துச்சு.

அதுக்காகக் கோலம் போட்டது வீண்னு நான் சொல்லல. கோலம் அடுத்த நாள் காலையில அழிஞ்சுடும், திரும்பப் போடணும். நன்றியும் அப்படித்தான், ஒரு தடவை சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல.

படத்துலயே வராத ஆள்

இன்னொருத்தர் விடுபட்டிருக்காங்க. அவங்களை நான் ரொம்ப லேட்டாதான் கவனிச்சேன். கோலம் போட்டவங்களும் பொம்மை செஞ்சவங்களும்.

2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒண்ணு இருக்கு. வீட்டுவேலை செய்ற பெண்கள் ஒரு நாளைக்கு அதுக்கு சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க. வீட்டுவேலை செய்ற ஆண்களுக்கு அது 97 நிமிஷம். இது பெருந்தொற்றுக்கு முந்தின கணக்கு. அப்புறம் எல்லாரும் வீட்டுலயே உட்கார்ந்தோம். நான் ஒர்க் ஃப்ரம் ஹோம்னு ஒரு ரூமைப் பிடிச்சுக்கிட்டேன். காலையில ஸ்டாண்டப் மீட்டிங், பதினோரு மணிக்கு டீ, ராத்திரி டிப்ளாய்மென்ட் இருந்தா இன்னொரு டீ. டம்ளர் மேசைக்கு வந்துச்சு, காலியானதும் மறைஞ்சுது. யார் கொண்டு வந்தாங்கன்னு எனக்குக் கேள்வியே வரல. அம்மா ஸ்கூல் டீச்சர். அவங்களும் அதே நேரத்துல டைனிங் டேபிள்ல போனை நிமிர்த்தி வெச்சு ஆன்லைன் கிளாஸ் எடுத்துட்டுதான் இருந்தாங்க.

அம்மா செஞ்ச கொலுவுல டாக்டர் இருந்தாங்க, நர்ஸ் இருந்தாங்க, போலீஸ் இருந்தாங்க. கரண்டியும் போனும் கையில வெச்சிருக்கிற ஒரு டீச்சர் பொம்மை இல்ல. தன்னையே பட்டியல்ல சேர்க்கணும்னு அவங்களுக்குத் தோணவே இல்ல.

அந்தச் சண்டை எப்படி முடிஞ்சுது?

பாட்டி கேட்ட மறுநாள் காலையில அம்மா, குப்பை வண்டி வர்ற நேரத்துக்கு வாசல்ல காத்திருந்தாங்க. அஞ்சு வருஷமா எங்க தெருவுக்கு வர்ற அக்கா அவங்க. எங்க வீட்டுல யாருக்கும் அவங்க பேர் தெரியாது. அன்னைக்குத்தான் அம்மா கேட்டாங்க. அந்த அக்கா மாஸ்க்கை லேசா இறக்கி, பேரைச் சொல்லிட்டு, "ஏம்மா, ஏதாச்சும் கம்ப்ளைன்ட்டா?"ன்னு பயந்தாங்க. யாராவது பேர் கேட்டா அவங்களுக்கு முதல்ல தோணினது அதுதான்.

அம்மா உள்ள வந்து அந்தப் பொம்மையைத் திருப்பி, முதுகுல பென்சிலால பேரை எழுதி, மூணாவது படியில டாக்டர் பக்கத்துல வெச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் அது அங்கதான். போன வருஷம் நான் களிமண்ல ஒரு டீச்சர் பொம்மை செஞ்சு பக்கத்துல வெச்சேன். மூக்கு கோணல். அம்மா பார்த்துட்டு, "என்னடா இது, நான் இப்படியா இருக்கேன்?"ன்னு திட்டினாங்க. ஆனா படியில இருந்து எடுக்கல.

உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். அந்த ரெண்டு வருஷத்துல உங்க வீட்டுல, தெருவுல யாராவது போட்ட கோலம், செஞ்ச பொம்மை போட்டோ உங்க போன்ல எங்கயாவது இருக்கும். தேடி எடுங்க. போட்டது யார், எந்த ஊர், எந்த மாசம்னு எழுதி வைங்க. அப்புறம், நாளைக்குக் காலையில உங்க வாசலுக்கு வர்றவங்க பேரைக் கேளுங்க. கம்ப்ளைன்ட் இல்லன்னு முதல்லயே சொல்லிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.