ஆழத்தைக் காணும் கண்

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல், கரிசல் நிலத்துச் சிற்றூர். கரிசல், வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் வாடும், கிணறுகளும் வற்றும். ஆதலின் இவ்வட்டாரத்தில் நிலத்தைப் பல நூறு அடி துளைத்து நீர் தேடும் வழக்கம் பரவியது. ஆழ்துளைக் கிணற்றின் வாய் ஓரடிக்கும் குறுகியது. அதனுள் ஆள் இறங்க இயலாது. எட்டிப் பார்த்தாலும் இருளே தெரியும்.

அவ்விருளில் கண்ணாக உதவுவது சிறிய காமிரா. அதன் முகப்பில் கண்ணாடி வில்லையும், அதனைச் சுற்றிச் சிறு விளக்குகளும் அமைந்துள்ளன. வில்லை வழியே புகும் ஒளியை உள்ளிருக்கும் சில்லு மின்குறிகளாக மாற்றும். அக்குறிகள் மேலேயுள்ள திரையில் படமாகத் தோன்றும். வில்லையின் முன் ஓர் ஆடியைச் சாய்த்துப் பொருத்தினால் பக்கச் சுவரும் தெரியும். கொக்கியோ காந்தமோ மாட்டினால், உள்ளே விழுந்த சிறு பொருள்களை எடுக்கலாம். குழாயில் விரிசல் எங்கே, மோட்டார் சிக்கியது எங்கே என்பதை இவ்வாறு அறியலாம்.

கம்பியின்றிப் படம் அனுப்பும் காமிராக்களும் உண்டு. நோயாளி மாத்திரைபோல் விழுங்கும் காமிரா, சிறுகுடலைப் படமெடுத்து, வானொலி அலைகள் வாயிலாக உடலுக்கு வெளியேயுள்ள கருவிக்கு அனுப்புகிறது. ஆனால், ஆழ்ந்த மண்ணையும் நீரையும் கடக்கையில் அவ்வலைகள் வலுவிழக்கும். ஆகவே, ஆழ்துளைக்குள் இறங்கும் காமிராவைக் கம்பியால் திரையுடன் இணைப்பதே வழக்கம்.

2014 ஏப்ரலில், சங்கரன்கோவிலை அடுத்த குத்தாலப்பேரியில் 3 வயதுச் சிறுவன் ஒருவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். மதுரை மணிகண்டன், தாம் உருவாக்கிய மீட்புக் கருவியை உள்ளே இறக்கினார். அதிலிருந்த காமிரா சிறுவனின் நிலையைக் காட்டியது. இயந்திரக் கைகள் அவனைப் பற்றின. சிறுவன் உயிருடன் மேலே வந்தான்.

எல்லா முயற்சியும் இவ்வாறு கைகூடுவதில்லை. 2019 அக்டோபரில், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை விழுந்தபோதும் காமிரா இறங்கியது. குழந்தையின் கை திரையில் தெரிந்தது. எனினும் குழந்தை மேலும் ஆழத்திற்கு நழுவியது. நாட்கணக்கில் முயன்றும் அவ்வுயிரைக் காக்க இயலவில்லை.

கண் கண்டதையெல்லாம் கை எட்டிவிடாது. கைவிட்ட ஆழ்துளைகளை மண்ணிட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே ஆணையிட்டது. நீரற்ற துளையை அன்றே மூடிவிட்டால், குழந்தையைத் தேடிக் காமிரா இறங்க வேண்டிய நாளே வராது.