தீவகத்து வீடும் அதன் உறுதியும்

'உறுதி' என்னும் சொல்லுக்கு எங்கள் வழக்கிலே இரு பொருள் உண்டு. நொத்தாரிசு எழுதிக் காணிப் பதிவகத்திற் பதிவு செய்யும் சாசனத்தை உறுதி என்கிறோம். தளராது நிலைத்து நிற்கும் தன்மையையும் உறுதி என்கிறோம். வீடொன்றை விலைக்கு வாங்க எண்ணும் ஒருவர் முதலாவது உறுதியை ஆராய்வதற்கு எத்துணை முயற்சி எடுக்கிறார்! பழைய உறுதிகளைத் தேடி எடுப்பிக்கிறார், ஈடு ஏதும் உண்டா, பங்காளர் எவரும் உளரா என்று வினவுகிறார், எல்லைகளை அளப்பிக்கிறார். ஆயின் இரண்டாவது உறுதியை ஆராய்வதற்கு அவர் செய்வது யாது? விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்துகிறார். சுவரைக் கையால் இருமுறை தட்டுகிறார். "பழைய காலத்துக் கட்டடம், கல்லுப்போல இருக்கிறது" என்று கூறி எழுந்துவிடுகிறார். பல இலட்சம் ரூபா அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கைமாறுகிறது.

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே வீடு வாங்க விரும்புவோர், விலை பேசி முடிக்குமுன் அக்கட்டடத்தை முறையாக ஆராய்வித்தல் ஏன் இன்றியமையாதது என்பதே இன்றைய பேச்சின் பொருள். 1990களின் தொடக்கத்திலே போரின் காரணமாக வேலணை, புங்குடுதீவு, அனலைதீவு, காரைநகர் முதலிய இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. அவர்கள் விட்டுச்சென்ற கல்வீடுகளுட் பல ஆண்டுக்கணக்காகப் பூட்டியபடி கிடந்தன. சில ஓடும் மரமும் இழந்து வெறுஞ் சுவர்களாக நின்றன. 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் அவற்றுட் பல திருத்தப்பட்டும், வெள்ளை பூசப்பட்டும் விற்பனைக்கு வந்துள்ளன. பிறந்த மண்ணிலே ஒரு வீடு வேண்டுமென்று வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோரும், இளைப்பாறிய பின் அமைதியாக வாழ விரும்புவோரும் அவற்றை வாங்குகின்றனர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எனக்கு நெடுங்கால நண்பர், தமது பணிக்கொடை முழுவதையும் கொடுத்து இத்தகைய வீடொன்றை வாங்கினார். கல்லாற் கட்டிய பழைய வீடு. அதன் முகப்பிலே 1970களிற் கட்டிய கொங்கிறீற்று விறாந்தை. எங்கும் புதிய வர்ணம். வாங்கிய அவ்வாண்டுக் கார்த்திகை மாதத்திலே, ஓர் இரவு, விறாந்தைத் தட்டின் அடிப்பகுதி பாயளவு அகலத்திற்குப் பெயர்ந்து வீழ்ந்தது. பகல் வேளைகளில் அவருடைய பேரக்குழந்தையின் ஏணை கட்டியிருந்த இடம் அதுவே. இரவாதலின் எவருக்கும் தீங்கு நேரவில்லை. பின்னரே பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்தார். கம்பிகள் கறளேறி ஆண்டுகள் பலவாகிவிட்டன என்றும், வாங்குமுன் ஒரு சிறு சுத்தியலாற் தட்டிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்றும் அவர் கூறினார். வீட்டு விலையிற் பாதியளவு திருத்த வேலைக்குச் சென்றது. அந்த வீட்டைப் பார்க்க நண்பருடன் சென்றவர்களுள் நானும் ஒருவன். சுவரைத் தட்டி, "கல்லுப்போல இருக்கிறது" என்று சொன்னவனும் நானே.

நான் பொறியியல் பயின்றவனல்லேன், கலைப் பட்டதாரி. ஆயினும் அந்நிகழ்ச்சியின் பின், அறிந்தவர்களுடன் சென்று பார்த்தும் கேட்டும் கற்றவற்றையே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். "நாங்கள் நொத்தாரிசிடம் காட்டினோம், சர்வே செய்வித்தோம், வங்கியும் மதிப்பிட்டது, இன்னும் என்ன?" என்று பலர் கேட்பர். நொத்தாரிசு பார்ப்பது உரிமையை. காணி விற்பனை எழுத்திலே, நொத்தாரிசு முன்னிலையில் அமைதல் வேண்டுமென்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே விதித்துவிட்டது. நில அளவையாளர் பார்ப்பது எல்லையையும் பரப்பையும். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது கொடுக்கும் கடனுக்கு ஈடான பெறுமதி உண்டா என்பதை. இம்மூவருள் எவரும் கூரைமேல் ஏறிப் பார்ப்பதில்லை. அத்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதுமில்லை. அஃது அவர்களுடைய கடமையுமன்று. கட்டடத்தை ஆராய்வது நான்காவது ஒருவரின் வேலை. அவரை அழைக்கும்படி சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆதலால் நாங்கள் அழைப்பதில்லை.

இனி, தீவு வீட்டுக்கு இந்த ஆராய்ச்சி ஏன் சிறப்பாக வேண்டும் என்பதைப் பார்ப்போம். நான்கு புறமும் கடல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்புத் துவலை கரையைக் கடந்து ஊருக்குள் வருகிறது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடையோடு மழை. ஆகவே உப்பும் ஈரமும் மாறிமாறிச் சுவரைத் தாக்குகின்றன.

பழைய வீடுகளின் சுவர்கள் முருகைக்கல்லாலோ சுண்ணக்கல்லாலோ ஒன்றரை அடி, இரண்டடி தடிப்பிற் கட்டப்பட்டவை. இடையிலுள்ள சாந்து சுண்ணாம்பு; சில வீடுகளில் வெறும் மண். மேலே சுண்ணாம்புப் பூச்சு. இத்தகைய சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் வெளிவிட்டுவிடும். முன்னோர் ஆண்டுதோறும் வெள்ளையடித்தமை அழகுக்காக மட்டுமன்று. இக்காலத்திலே விற்பனைக்கு முன் அச்சுவர்மீது சீமெந்து பூசிவிடுகின்றனர். சீமெந்துப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய நீரிலுள்ள உப்பு பளிங்காகி விரிந்து, கல்லையும் சாந்தையும் பொடியாக்குகிறது. வெளியே சுவர் கண்ணாடிபோலத் தோன்றும், உள்ளே மாவாகிக்கொண்டிருக்கும். தட்டினால் வெற்றொலி கேட்கும். நிலத்திலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு ஊதியோ நிறம் மாறியோ இருப்பின் ஐயுற வேண்டும். கூரையின்றிப் பல மாரிகளில் நனைந்த வீடாயின் சுவரின் நடுவிலுள்ள மண்சாந்து கரைந்து வழிந்திருத்தலும் கூடும். சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் மேலே வெட்டிவிட்டு வர்ணம் பூசினாலும் வேர் உள்ளேயே இருக்கும்.

கொங்கிறீற்றின் குறை வேறு வகையானது. கடற்கரை மணலையும் உவர்க் கிணற்று நீரையும் கலந்து கட்டிய தட்டுகள் தீவகத்திலே உண்டு. அந்த உப்பு உள்ளிருக்கும் கம்பியை அரிக்கிறது. இரும்பு கறளாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிற்கும் மேலாகப் பெருகும். பெருகிய கறள் தன்னை மூடியுள்ள கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளுகிறது. கம்பி ஓடும் வழியே நேர்கோடாக வெடிப்பு விழுதலும், கபில நிறக் கறை தோன்றுதலும் அதன் அறிகுறிகள். என் நண்பரின் வீட்டிலே அவ்வறிகுறிகளைப் புதிய வர்ணம் மறைத்திருந்தது.

கூரையைப் பற்றி ஒரு சொல். முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த கைமரங்கள் நெடுங்காலம் நிலைப்பவை. ஆனால் அவை சுவரில் அமரும் முனைகளிலும், நாற்சார் வீட்டு முற்றத்தைச் சூழ்ந்த மூலைகளிலும் நீர் ஒழுகி உக்குவதுண்டு. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மரத்தின் நடுப்பகுதி மட்டுமே தெரியும். ஆராய்பவர் ஏணி வைத்து ஏறி, முனைகளைக் கூரிய இரும்பினாற் குத்திப் பார்த்தல் வேண்டும். கறையான் மரத்தின் தோலை விட்டு உள்ளே தின்னும். குத்தினால் மட்டுமே உண்மை வெளிப்படும். கூரை அஸ்பெஸ்ரஸ் தகடாயின், உடைந்த தகட்டின் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது என்பதையும், அதனை அகற்றுவது தனிக் கவனமும் தனிச் செலவும் வேண்டும் வேலை என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

வெடிப்புகள் எல்லாம் ஆபத்தானவை அல்ல. பூச்சில் மட்டும் மயிரிழைபோல ஓடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கதவு யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறி, ஒரு நாணயம் நுழையுமளவு அகன்றிருப்பது அத்திவாரம் அமிழ்ந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டும். அது பழைய அசைவா, இன்னும் நடக்கும் அசைவா என்றறிய ஓர் எளிய முறையுண்டு. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தினால் ஒட்டிவிடுவர். சில மாதங்களில் அது உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்பது பொருள். தூக்குக்குண்டை விட்டுச் சுவரின் சாய்வையும் அளப்பர்.

கிணற்றையும் வீட்டின் உறுப்பாகவே கொள்ள வேண்டும். தீவிலே நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு படலம். கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டென்பது நீரியலார் கணக்கு. ஆகவே மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உவர் வெகுவாக ஏறிவிடும். மாரியில் இனிக்கும் கிணறு ஆவணியில் வாயில் வைக்க முடியாததாகலாம். நீரை ஆய்வுகூடத்திற் கொடுத்து உவர்ப்பை அளப்பித்தல் நன்று.

இங்கே காலத்தைப் பற்றிய ஓர் உண்மையைக் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவோர் பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களில், நல்லூர்த் திருவிழாவையொட்டி வருகின்றனர். அப்பொழுது கூரை ஒழுகாது, சுவர் காய்ந்திருக்கும், வீடு தன் நல்ல முகத்தைக் காட்டும். அந்நாட்களில் உள்ளபடி தெரிவது கிணறு ஒன்றே. கூரையையும் சுவரையும் கார்த்திகை மழையிலேதான் சோதிக்க வேண்டும். இருமுறை பார்ப்பிக்க முடிந்தால் மிக நன்று. இயலாதாயின், நீங்கள் கோடையிற் கிணற்றைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஆராய்பவர் வீட்டைப் பார்க்கட்டும்.

ஆராய்பவர் யார்? கட்டட வேலையிற் பழக்கமுள்ள பட்டயப் பொறியியலாளர் ஒருவர். அவருடன் பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் ஒருவரும், தச்சர் ஒருவரும் சென்றால் மேலும் சிறப்பு. விற்பவருக்கு உறவினராகவோ தரகருக்கு வேண்டியவராகவோ இருத்தலாகாது. அவர் தரும் அறிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு குறையும் யாது, அதன் காரணம் யாது, உடனே திருத்த வேண்டியதா, சில ஆண்டு பொறுக்கலாமா, செலவு எவ்வளவு என்று அது கூற வேண்டும். பார்க்க முடியாத பகுதிகள் எவை என்பதையும் மறைக்காமற் கூற வேண்டும். செலவைக் கணக்கிடும்போது போக்குவரத்தை மறக்கலாகாது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் லொறி செல்லும். நெடுந்தீவுக்கோ ஒவ்வொரு சீமெந்துப் பையும் கடல் கடந்து படகில் ஏறி இறங்க வேண்டும்.

திருத்த வேலைக்குச் சட்ட வரம்பும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடல் உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் கரையோர வலயமாகும். அங்கே கட்டட வேலைக்கு அனுமதி பெறுதல் வேண்டும். முருகைக்கல் அகழ்தலும் அங்கு தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே பழைய சுவரைப் புதிய முருகைக்கல்லாற் திருத்தலாம் என்று எண்ண வேண்டாம். இருக்கும் கல்லையே காத்துக்கொள்ள வேண்டும்.

இவை யாவும் அச்சவாரம் கொடுக்குமுன் நடைபெற வேண்டியவை. விற்பவர் அவசரப்படுத்தினால், அறிக்கை திருப்தியாக அமைந்தாலன்றி விற்பனை நிறைவேறாது என்றும், அச்சவாரம் திருப்பிக் கொடுக்கப்படும் என்றும் உடன்படிக்கையிலே எழுதுவியுங்கள். அதற்கு இணங்க மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்பதைச் சிந்தியுங்கள்.

நேயர்களே, இந்த ஆராய்ச்சி வீட்டை வாங்காமற் தடுப்பதற்கன்று. குறையை அறிந்து, அதற்கேற்ப விலையைக் குறைத்து வாங்குவதற்கு உதவும். வேறொரு பயனும் உண்டு. அறியாமையாற் பயந்து, நல்ல நாற்சார் வீடுகளை அடியோடு இடித்துவிடுவோர் உளர். எது கெட்டது, எது கெடவில்லை என்று சொல்ல வல்லவர் வந்து பார்த்தால், அச்சுவர்கள் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். என் நண்பரின் பழைய வீட்டுக்கும் அவ்வாறே நேர்ந்தது. கொங்கிறீற்று விறாந்தையை அகற்றி, சீமெந்துப் பூச்சை உரித்து, மீண்டும் சுண்ணாம்பு பூசினார்கள். கல்வீடு நன்றாக நிற்கிறது. ஏணை இப்பொழுது உள்ளறையில், பொறியியலாளர் குத்திப் பார்த்து நன்றென்று கூறிய பனை வளையிலே கட்டியிருக்கிறது.